அலுமினியக் குச்சியை நம்பி முகத்துவாரம் தாண்டாதீர்கள்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் தங்கை மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். உடைந்த அலுமினியத் துண்டை ஒருவர் சின்ன கேஸ் டார்ச்சால் சூடு காட்டுகிறார். வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு குச்சியை அதன்மேல் தேய்க்கிறார். குச்சி நெய்யாக உருகி விரிசலில் இறங்குகிறது. ஆறிய பிறகு சுத்தியலால் அடிக்கிறார். தகடு வளைகிறது, ஒட்டு விடவில்லை. "இனி ஆர்கான் வெல்டிங் கடைக்குப் போக வேண்டாம் மாமா" என்று எழுதி, கீழே வாங்கும் இடமும் கொடுத்திருந்தான். பதினோரு பேர் கைதட்டியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. "மாமாவுக்குப் புது விஷயம் பிடிக்காது" என்று ஒரு பதிலும் வந்தது. விஷயம் அதுவல்ல. அந்தக் குச்சி என் வீட்டு அலமாரியிலேயே நான்கு இருக்கிறது. அதனால் ஏறக்குறைய ஓர் உயிர் போயிருக்கும், அதில் என் பங்கும் உண்டு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு பக்கத்துக் குப்பம் ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் விரும்பவில்லை. ஃபைபர் படகு வைத்து ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறார். ஒருநாள் போன் வந்தது. "சார், எஞ்சினைப் படகு முதுகில மாட்டுற பிராக்கெட் விரிசல் வுட்டுருச்சு. அலுமினியம். ஆன்லைன்ல ஒரு குச்சி இருக்குது, 390 டிகிரியில உருகுதாம். ஒட்டுமா சார்?"

நான் வேதியியல் வாத்தியார். துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம், குறைந்த சூட்டில் உருகும், அலுமினியத்தோடு நன்றாகவே சேரும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தது. "ஒட்டும்பா" என்றேன். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. எந்த இடத்தில், எவ்வளவு பாரம், உப்புத் தண்ணீர் படுமா, விரிசல் எவ்வளவு ஆழம் என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. வகுப்பில் உங்களைத் திட்டியிருக்கிறேன், "கேள்வியை முழுசாப் படிடா" என்று. அன்றைக்கு நான் படிக்கவில்லை.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் விடியற்காலையில் கடலிலிருந்து திரும்பும்போது, முகத்துவாரத்தில், அலை உடையும் இடத்தில் பிராக்கெட் விட்டுவிட்டது. பழவேற்காட்டு முகத்துவாரம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணல் தூர்ந்து தூர்ந்து வழி ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறும். எஞ்சின் இழுக்கிற வரைதான் படகு படகாக இருக்கும். எஞ்சின் நின்றால் அலைக்குக் குறுக்கே திரும்பும், திரும்பினால் கவிழும். எஞ்சின் தண்ணீரில் விழுந்து காப்புக் கயிற்றில் தொங்கியது. படகு திரும்பியும்விட்டது. பின்னால் வந்த இன்னொரு படகு கயிறு வீசி இழுத்ததால் மூன்று பேரும் கரை சேர்ந்தார்கள். வலை போயிற்று, எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போயிற்று.

நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி என்னிடம் கோபமாகப் பேசவில்லை. மோர் கொடுத்துவிட்டு, "நீங்க ஒட்டும்னு சொன்னீங்கன்னுதான் சார் பூட்டிக்கினு போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உடைந்த துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேல் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் பளபளப்பு. அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு: பழைய எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு. குச்சி அங்கே இறங்கவே இல்லை. அதாவது விரிசல் ஒட்டப்படவில்லை, மூடப்பட்டிருந்தது. ஓரத்தில் வெள்ளைப் பொடி வேறு பூத்திருந்தது. இருபது நாளில்!

இந்தக் குச்சி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பங்கு துத்தநாகம், மீதி அலுமினியம், சிலவற்றில் கொஞ்சம் செம்பு. 380, 390 டிகிரியை ஒட்டி உருகும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், ஆகவே பாகம் உருகாமல் குச்சி மட்டும் உருகும். பாக்கெட்டில் "பிரேசிங்" என்று போட்டிருந்தாலும் தொழில் இலக்கணப்படி 450 டிகிரிக்குக் கீழே உருகி ஒட்டுவது சால்டரிங்தான். உண்மையான அலுமினிய பிரேசிங்குக்கு அலுமினியத்தோடு 12 விழுக்காடு சிலிக்கான் கலந்த கம்பி உண்டு. அது 580 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். கைதேர்ந்தவர் கையில்கூட அது கத்தி முனை வேலை, ஏனென்றால் படகுக்குப் போடும் 5083 போன்ற மக்னீசியம் கலந்த தகடுகள் 570, 580 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்.

நம்மவர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. தமிழில் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: பற்றாசு. பொற்கொல்லர் நகையில் இரண்டு துண்டைச் சேர்க்க, பற்றாசுப் பொடியும் வெங்காரமும் வைத்து ஊதுகுழலால் ஊதுவார். "பொடி வைத்து ஊதுகிறான்" என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். என் சிறுவயதில் தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையா" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். பித்தளை அண்டாவைச் சூடு காட்டி, நவச்சாரத்தைத் தூவி, புகை குப்பென்று எழும்போது பழந்துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். உள்ளே வெள்ளி மாதிரி ஆகிவிடும். வெங்காரமும் நவச்சாரமும் செய்யும் வேலை ஒன்றுதான்: உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு அழுக்கைக் கரைத்து, உலோகத்தை உலோகம் தொடும்படி செய்வது.

அலுமினியத்தில் சிக்கல் அங்கேதான். அதன் ஆக்சைடு லேசுப்பட்டதல்ல. அரம் போட்டுச் சுரண்டிய அந்தக் கணமே கண்ணுக்குத் தெரியாத தோல் மறுபடி படிந்துவிடும். உலோகம் 660 டிகிரியில் உருகும் என்றால், அந்தத் தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். வெங்காரத்துக்கு அது மசியாது. ஆர்கான் வெல்டிங்கில் மாறுமின்சாரத்தின் ஒரு பாதி அந்தத் தோலை உடைக்கும், மறு பாதி உலோகத்தை உருக்கும், மேலே ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாமல் காக்கும். குச்சிக்காரருக்கு இதில் எதுவும் இல்லை. அவர் உருகிய குழம்புக்கு அடியில் குச்சி முனையாலோ ஸ்டெயின்லெஸ் கம்பியாலோ சுரண்டிச் சுரண்டித் தோலைக் கிழிக்க வேண்டும். அந்தச் சுரண்டல்தான் முழு வேலையும். வீடியோவில் அது மூன்று விநாடி வருகிறது. பார்ப்பவர் அதைச் சும்மா தேய்க்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார். சில குச்சிகளில் உள்ளேயே பிளக்ஸ் மருந்து இருக்கும். அது வேலையைச் சுலபமாக்கும், ஆனால் வேலை முடிந்ததும் வெந்நீரும் பிரஷும் போட்டுக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் மருந்தே உலோகத்தை அரிக்கும்.

சரி, சுரண்டலாம். தகட்டின் மேற்பரப்பில் சுரண்டலாம், விரிசலின் உள்ளே எப்படிச் சுரண்டுவது? காஸ்டிங் பாகம் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது கடற்பஞ்சு மாதிரி, பல வருட எண்ணெயையும் உப்பையும் குடித்து வைத்திருக்கும். சூடு காட்டினால் உள்ளிருந்து கசிந்து வந்துகொண்டே இருக்கும். விரிசலை அரத்தாலோ கிரைண்டராலோ 'வி' வடிவத்தில் அடிவரை திறந்து, பெட்ரோல் நெடி போகும்வரை கழுவிக் காயவைத்து, பிறகு பற்ற வைத்தால் ஓரளவு பிடிக்கும். என் மாணவர் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல நான் கேட்கவில்லை.

இன்னொன்று சூடு. இரும்பு சூடேறினால் சிவக்கும், கொல்லருக்கு நிறமே வெப்பமானி. அலுமினியம் சிவக்காது. வெள்ளையாகவே இருந்து, திடீரென்று தொப்பென உட்கார்ந்துவிடும். இதற்குப் பழைய பட்டறைக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: துணி சோப்பை அதன்மேல் ஒரு கோடு தேய்த்துவிடுவது. கோடு கறுத்தால் 400 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். தடித்த பாகம் சூட்டை இழுத்து உடம்பெல்லாம் பரப்பிவிடும். சமையலறை டார்ச் அதற்குப் போதாது. போதாதபோது என்ன செய்வார்கள்? தீயைக் குச்சியில் நேராகக் காட்டுவார்கள். குச்சி உருகும், குளிர்ந்த அலுமினியத்தின் மேல் சொட்டாக உட்காரும், பளபளக்கும். நகத்தால் நெம்பினால் தோசை மாதிரி பெயர்ந்து வரும்.

இவ்வளவும் கைத்திறன் விவகாரம், பழகினால் வரும். இனி சொல்லப்போவது கைத்திறனால் தீராது.

துண்டை எடுத்து வந்த அன்று, கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலையிலிருக்கும் இன்னொரு மாணவனிடம் போனில் சொன்னேன். வெள்ளைப் பொடி பற்றிச் சொன்னதும் அவன், "துத்தநாகம் போயிடுச்சு சார்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும், பத்தாம் வகுப்பில் வினைத்திறன் வரிசை ஒப்பிக்க வைப்பேன். மக்னீசியம், அதற்கடுத்து அலுமினியம், அதற்கும் கீழேதான் துத்தநாகம். மின்முனை அழுத்தம் அலுமினியத்துக்கு மைனஸ் 1.66 வோல்ட், துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76. அப்படியானால் இரண்டும் சேர்ந்து நனைந்தால் அலுமினியம் அல்லவா முதலில் கரைய வேண்டும்? அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அது புத்தகத்து அலுமினியம். கடல்ல இருக்கிறது சட்டை போட்ட அலுமினியம்."

சரியான பதில். அந்த ஆக்சைடுத் தோல் போர்த்தியிருப்பதால் கடல்நீரில் அலுமினியம் தன் இயல்புக்கு அடங்கி நடக்கிறது. கடல்நீரில் அளந்து போட்ட வரிசையில் துத்தநாகம்தான் மேலே, அதுதான் முதலில் கரையும். எஞ்சினின் அடிப்பாகத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டியைத் திருகி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அது வேண்டுமென்றே கரைந்துபோக வைத்தது. அது கரைகிற வரை எஞ்சின் உடம்பு தப்பும். (அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் பெயின்ட் அடிப்பவர்களைப் பார்த்தேன். பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. சுரண்டி எடுத்துவிடுங்கள்.)

இந்த உண்மையைக் குச்சிக்குப் பொருத்திப் பாருங்கள். பெரிய அலுமினிய உடம்பு, நடுவே நூல் மாதிரி ஒரு துத்தநாக ஒட்டு. உப்புத் தண்ணீர் பட்டவுடன் அந்த ஒட்டு பலிகொடுக்கும் கட்டியாகிவிடுகிறது. நூறு பேர் பந்திக்கு ஒரே ஆள் பரிமாறுவது போல, மொத்த உடம்பின் கணக்கும் அந்த மெல்லிய கோட்டின் தலையில் விழுகிறது. எது கரையக் கூடாதோ அது முதலில் கரையும். பழவேற்காடு ஏரியில் மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவந்து உப்பைக் குறைக்கும். கோடையில் ஏரித் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நன்னீர் ஏரியில் அலுமினியப் படகு விடுகிறவர் இந்தக் குச்சியால் ஆணித் துளையை அடைத்து வருடக்கணக்கில் ஓட்டியிருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு.

உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகத்தைச் சேர்ப்பது என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1895-ல் அமெரிக்காவில் 'டிஃபெண்டர்' என்று ஒரு பந்தயப் பாய்மரக் கப்பல் கட்டினார்கள். எடை குறைய வேண்டும் என்று நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியம், கீழே மாங்கனீசு வெண்கலம், உள்ளே எஃகுச் சட்டம். அந்த ஆண்டு அமெரிக்கா கோப்பையில் வென்றது. அதற்குள்ளேயே அரிப்பும் தொடங்கிவிட்டது. 1901-ல் உடைத்துப் போட்டார்கள். பணத்துக்குக் குறைவில்லாதவர்கள், தேர்ந்த கட்டுநர் கட்டிய கப்பல். ஆறு வருடம்தான்.

"அப்படியானால் ஆர்கான் வெல்டிங் மட்டும் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள். அதுவும் சூடுதான், சுற்றியுள்ள உலோகத்தை அதுவும் இளக்கும். 6061 டி6 போன்ற பதப்படுத்திய அலுமினியத்தில் பற்ற வைத்த இடத்தையொட்டி வலிமையில் நல்ல பங்கு போய்விடும். ஆனால் அங்கே உருகிச் சேர்வது அலுமினியத்தோடு அலுமினியம். சிலிக்கான் 5 விழுக்காடு உள்ள 4043 கம்பியோ, மக்னீசியம் 5 விழுக்காடு உள்ள 5356 கம்பியோ, பாகத்துக்குத் தகுந்தபடி போடுவார்கள். கடலில் ஒட்டு தனியாகக் கரையாது. குச்சி வேலையில் பாரம் தாங்கும் பாகம் முழுவதையும் 400 டிகிரிக்குக் கொண்டு போய், அதன் பதத்தையும் கெடுத்து, மேலே துத்தநாகத்தையும் பூசுகிறோம்.

ஜி.என்.டி. ரோடு ஓரத்தில் ஆர்கான் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவரிடம் அந்தப் பிராக்கெட்டை எடுத்துப் போனேன். கையில் வாங்கியதுமே, "இதுல குச்சி போட்டிருக்காங்களா சார்? அப்படின்னா எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பிறகு காட்டினார். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஆர்கான் சூட்டில் அது புகையாகக் கிளம்பி, ஒட்டு முழுக்கக் குமிழி குமிழியாகிவிடும். புகையை இழுத்தவருக்கு அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும். ஒருமுறை குச்சி போட்ட இடத்தை, துத்தநாகம் ஊறிய உலோகம் வரை கிரைண்டரில் வெட்டி எடுத்தால்தான் மறுபடி வெல்டிங். வெட்டி எடுத்தால் பிராக்கெட்டில் பாகம் மிஞ்சாது. குச்சிக்குக் கொடுத்தது ஐந்நூறு ரூபாய், போனது பிராக்கெட்டும்தான்.

இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். "முதலில் குச்சி போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் வெல்டிங் கடை" என்ற கணக்கு அலுமினியத்தில் செல்லாது. முதலில் குச்சி போட்டால் வெல்டிங் கடையின் கதவு அடைபட்டுவிடும்.

குச்சிக்கு நான் விரோதி இல்லை. வீட்டில் நான்கு இருக்கிறது என்றேனே, அதில் ஒன்றால் போன மாதம் மாடி ஏணியின் பிளாஸ்டிக் பிடி உட்காரும் காதை ஒட்டினேன். ஓட்டையான அன்னக்கூடையை அடைத்தேன் (பூந்தொட்டிக்கு, சோறு வடிக்க வேண்டாம்). எம்-சீலைவிட எவ்வளவோ மேல். ஜன்னல் சட்டம், மோட்டார் மூடியின் உடைந்த காது, படகில் விளக்குக் கம்பம் நிற்கும் தாங்கி, மேல்தட்டில் பெட்டி மூடி என்று, உடைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாத, உப்புத் தண்ணீரில் ஊறாத, எஞ்சின் சூடு படாத இடமெல்லாம் அதற்குரிய இடம். துத்தநாகக் கலவை 100 டிகிரிக்கு மேல் பாரத்தோடு இருந்தால் மெல்ல மெல்ல இளகி நகரும். ஆகவே எஞ்சின் புகை போகும் பக்கம் அதைக் காட்டவே கூடாது. டீசல், பெட்ரோல் டேங்கில் யாரும் கேஸ் தீ காட்டக் கூடாது, காலி டேங்க் என்றாலும் கூடாது. காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். எங்கும் துளையில்லாமல் மூடிய பாகமும் சூட்டில் வெடிக்கும்.

தங்கை மகனே, நீ கோபித்துக்கொள்ளாதே. உன் வீடியோ பொய்யில்லை. அதில் வரும் தகடு புதிது, எண்ணெய் படாதது, மெல்லியது. சுத்தியல் அடி ஒரே அடி. படகு எஞ்சின் பிராக்கெட்டுக்கு வருவது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன நடுக்கம், மணிக்கணக்கில், நாள்கணக்கில். சுத்தியலுக்கு நிற்கும் ஒட்டு நடுக்கத்துக்கு நிற்க வேண்டும் என்று இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

காட்டுப்பள்ளி நம் மாவட்டம். அங்கே எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடலோரக் காவல் படைக்கு அலுமினிய உடல் கொண்ட அதிவேக இடைமறிப்புப் படகுகள் 54-ஐ அந்த நிறுவனம் கட்டிக் கொடுத்தது. குஜராத் ஹசீராவிலும் இங்கே காட்டுப்பள்ளியிலும் வேலை நடந்தது. அலுமினியத்தைக் கடலுக்காகப் பற்ற வைப்பது எப்படி, எந்தக் கம்பி, எந்த வாயு, ஒட்டை எப்படிச் சோதிப்பது என்ற அறிவு முழுக்க நம் மாவட்டக் கரையிலேயே இருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலையும் உருட்டாலையும் பட்டறையுமாக உலோகத்தோடு பிழைக்கும் ஆயிரக்கணக்கானவர்கள். உங்களில் எத்தனை பேர் அங்கே சூப்பர்வைசர், எத்தனை பேர் தர ஆய்வாளர் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பதவியோடு போடுகிறீர்களே. இந்த இரண்டுக்கும் நடுவில் பழவேற்காட்டில் ஒரு மனிதர் விரிசல் விட்ட பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, செல்போனில் முகம் தெரியாத ஒருவரிடம் பாடம் கற்கிறார். கடைசியில் சந்தேகம் கேட்க அவருக்குக் கிடைத்தது ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். அந்த வாத்தியாரும் அரைகுறையாகப் பதில் சொன்னார்.

அவர் ஏன் கும்மிடிப்பூண்டிக்குப் போகவில்லை என்று அவரிடமே கேட்டேன். பணமில்லாமல் இல்லை. எஞ்சினைக் கழற்றி, வண்டி பிடித்து, பொன்னேரி வழியாகப் பட்டறைக்குப் போனால், "நாளைக்கு வா" என்பார்கள். மறுநாளும் தொழில் போகும். கூட வரும் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டும். பெரிய விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம் வருகிறது, அந்த நாளில் பழுது பார்க்கிறார்கள். சிறிய படகுக்காரருக்கு எஞ்சின் நின்ற நாள்தான் பழுது பார்க்கும் நாள். குச்சியை அவர் வாங்கியது அறியாமையால் அல்ல. அது அவருக்கு இரண்டு நாளை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொன்னது. வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஆகவே "படிக்காத ஜனங்க, வீடியோ பார்த்து ஏமாறுதுங்க" என்று நம் குழுவில் ஒருவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. ஏமாந்தது நானும்தான், நான் எம்.எஸ்ஸி. படித்தவன். குறை எங்கே என்றால், கரையில் ஓர் ஆர்கான் செட் இல்லை. மின்சாரமும் ஒரு சிலிண்டரும் கைதேர்ந்த ஒருவரும் வாரத்துக்கு ஒருநாள் பழவேற்காட்டில் இருந்தால், இந்தக் குச்சியைப் படகுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். 1979-ல் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் சென்னையில் அலுவலகம் வைத்து வங்காள விரிகுடாத் திட்டம் என்று தொடங்கி, நம் கரைக்கு ஏற்ற படகுகளை வடிவமைத்துப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஊர் ஊராக ஃபைபர் படகும் எஞ்சினும் கொடுத்தார்கள். படகு கொடுக்க எல்லோரும் வந்தார்கள். அதைப் பழுது பார்க்கும் ஆளை உருவாக்குவது யார் பட்டியலிலும் பெரிதாக இடம்பெறவில்லை. நிவாரணம் கொடுத்தால் புகைப்படம் எடுக்கலாம், ஒட்டுப் போட்டால் எடுக்க முடியாது என்பதாலோ என்னவோ.

பட்டறை மாணவரிடம் இதைப் பேசினேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு சின்ன யானையில் செட்டை ஏற்றிக்கொண்டு வரத் தயார் என்கிறார். "கூலி நான் பேசிக்கிறேன் சார், நீங்க நடுவுல வராதீங்க" என்கிறார். அதுவும் நியாயம்தான், அவர் தொழில். அவருக்கு வேண்டியது இரண்டு: செட்டை இழுக்கும் அளவுக்கு மின்சார இணைப்புள்ள, காற்று அடிக்காத ஒரு கொட்டகை (காற்று அடித்தால் ஆர்கான் பறந்துவிடும், கடற்கரையில் இது பெரிய பிரச்சினை), கூட நின்று காஸ்டிங்கைத் திறந்து கழுவித் தர இரண்டு பிள்ளைகள். கொட்டகைக்குக் குப்பத்துப் பஞ்சாயத்தில் பேச என் மாணவர் ஒத்துக்கொண்டார், முகத்துவாரத்தில் தப்பியவரே. சிப்காட்டில் இருப்பவர்களில் ஒட்டைச் சோதிக்கத் தெரிந்த ஒருவர், சாயமிட்டு விரிசல் பார்க்கும் அந்த மருந்து டப்பாவோடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே போதும். யார் என்று நான் பெயர் சொல்ல மாட்டேன். படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உடைந்த பிராக்கெட் என் மேசைமேல் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்பவர்கள் வரலாம், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது வேண்டாத அலுமினியத் துண்டு ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், மீதி மூன்று குச்சியிலும் பழகிப் பார்க்கலாம். சோப்புக் கட்டி என்னிடம் இருக்கிறது.